கடல்கட்டி கரையில், குளிப்பவர் கடலில்: மந்திரவாதிக்கும் வீரனுக்கும் நடுவே ஒரு நிகழ்வு ஆய்வு

மே மாதத்தின் முதல் ஞாயிறு இரவு, ஆட்டம் பாதியில் இருக்கும்போதே மச்சான் தன் பகடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். முகத்தில் கோபம் இல்லை. "காலையில் வலை வேலை இருக்கிறது மாப்பிள்ளை, கிளம்புகிறேன்" என்று எழுந்து போய்விட்டார். மேசையில் அவருடைய பாத்திரத் தாள், அதாவது ஆட்டத்தில் அவர் ஏற்ற கதாபாத்திரத்தின் விவரத் தாள், கிடந்தது. அதன் அடியில், ஒரு பழைய ஐஸ் ரசீதின் பின்பக்கத்தில், இரண்டு வாரமாக அவர் வரைந்துவைத்திருந்த திட்டம் இருந்தது: எந்த நேரத்தில் நீர் வற்றும், எந்தத் தூணில் கயிறு கட்டுவது, இரும்புத் தாழ்ப்பாளை எந்தப் பக்கமிருந்து நெம்புவது. அதில் ஒரு வரிகூட அன்றைய ஆட்டத்துக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. காரணத்தை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. மேசையில் அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களை நடத்தும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மேசை

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் என் ஜெராக்ஸ் கடையை இரவு எட்டரைக்கு அடைத்த பிறகு, பேப்பர் கட்டுகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே ஆடுகிறோம். ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள். அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் உலகத்தை விவரிப்பார், அந்த ஒருவர் நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி முடிவெடுப்பார்கள். முடிவு சந்தேகமாக இருந்தால் இருபது முகப் பகடை உருளும்.

மச்சான் விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவரால் ஒரு ஞாயிறுகூட விடாமல் வர முடியும். அவருடைய பாத்திரம் வீரன். கீழக்கரைப் பக்கம் பொறியியல் படிக்கும் தம்பி மந்திரவாதி. மண்டபம் முகாமிலிருந்து வரும் டீச்சர் பூசாரி. அவருடைய தம்பி, மருந்துக் கடையில் வேலை செய்பவர், திருடன். எல்லோரும் 5ஆம் நிலையை எட்டியிருந்தார்கள். இந்த ஆட்டத்தில் மந்திரவாதிக்குத் தீக்கோளம், பலரை ஒரே வீச்சில் சுடும் மந்திரம், கையில் வரும் நிலை அது.

கதை ஒரு மூழ்கிய துறைமுக நகரத்தில் நடந்தது. 1964 டிசம்பர் புயலில் போன தனுஷ்கோடியின் இடிந்த சுவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மச்சானின் பாட்டி அங்கே பிறந்தவர். ஆகவே ஊரின் பெயரை ஆட்டத்துக்குள் கொண்டுவரவில்லை. மணலுக்குள் பாதி புதைந்த ஒரு சுங்கக் கிடங்கு, அதற்குள் ஒரு கோயில் மணி, காவலுக்கு ஆறு பேர். மணியை வெளியே எடுக்க வேண்டும். இவ்வளவுதான் நான் வைத்த சிக்கல். கடலும் கயிறும் நெம்புகோலும் தெரிந்த ஒரு மனிதருக்காகவே அதை அமைத்திருந்தேன்.

அந்த இரவு நடந்தது

தம்பி தன் முறை வந்ததும் மறைமந்திரம் போட்டுக்கொண்டான். அடுத்து பறக்கும் மந்திரம். மதிலைத் தாண்டி இறங்கினான். கதவைத் திறக்கும் மந்திரம். பூட்டு திறந்தது. உள்ளே ஆறு காவலரும் ஒன்றாக நின்றார்கள். தீக்கோளம். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. தம்பி செய்ததில் தவறே இல்லை. அவன் நன்றாக ஆடினான், எல்லோரும் கைதட்டினோம், மச்சானும் தட்டினார். பிறகுதான் டப்பாவைத் திறந்தார்.

மறுநாள் குறிப்பேட்டையும் விதிநூலையும் பக்கத்தில் வைத்து அந்தக் கால் மணி நேரத்தை அடி அடியாகத் திருப்பிப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது என் பிழைகள். மறைமந்திரத்துக்கும் பறக்கும் மந்திரத்துக்கும் இடைவிடாத மனக்குவிப்பு வேண்டும். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தில்தான் மனத்தைக் குவிக்க முடியும். இரண்டாவதைப் போட்ட நொடியில் முதலாவது கலைந்திருக்க வேண்டும். அப்படியே கலையாமல் இருந்தாலும், மறைந்திருப்பவர் இன்னொரு மந்திரம் போட்டால் மறைவு போய்விடும் என்று அதே நூல் சொல்கிறது. கதவு திறக்கும் மந்திரமோ 300 அடிக்குக் கேட்கும் அளவு ஓசை எழுப்பும். காவலர்கள் அசையாமல் ஒரே இடத்தில் நின்றிருக்க வழியே இல்லை.

இந்த ஆட்டத்தில் மந்திரம் அளவுமீறிப் போவதாக ஒரு மேசை உணர்ந்தால், முதலில் செய்ய வேண்டியது புதிய விதி எழுதுவது அல்ல. இருக்கும் விதிகளில் எவற்றை அவசரத்தில் விழுங்கிவிட்டோம் என்று பார்ப்பது. ஓசை, மனக்குவிப்பு, தூரம், வாயால் உச்சரிக்க வேண்டிய கட்டாயம், எல்லாம் மந்திரவாதியின் கையில் போட்ட கட்டுகள். அவற்றை நடத்துபவர் மறந்தால், வீரனின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது.

கணக்கு

பிழைகளைத் திருத்தினால் மட்டும் போதுமா என்று பார்க்க, இருவரும் எதிரிக்குக் கொடுக்கும் அடியின் அளவைக் கணக்கிட்டேன். இந்தக் கணக்கை யாரும் பேப்பரில் போட்டுப் பார்க்கலாம்.

5ஆம் நிலை வீரன் பெருவாளோடு ஒரு சுற்றுக்கு இரண்டு வீச்சு வீசுகிறான். ஒரு வீச்சின் சராசரி, இரண்டு ஆறுமுகப் பகடைக்கு 7, உடல்வலுவுக்கு 4, ஆக 11. கவச எண், அதாவது அடி படப் பகடையில் எட்ட வேண்டிய இலக்கு, 15 உள்ள எதிரியின் மேல் அது படும் வாய்ப்பு 65 விழுக்காடு. ஆகவே சுற்றுக்கு ஏறத்தாழ 14. தீக்கோளம் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28; தப்பிக்கும் பகடையில் பாதிப் பேர் வென்று பாதி அடியோடு தப்பினால் சராசரியாக ஆளுக்கு 21. மூன்று பேர் அதில் சிக்கினால் ஒரு வீச்சில் 63. மந்திரவாதியிடம் அந்த வலிமைப் படியில் நாளைக்கு இரண்டு இருப்பு, அதாவது இரண்டு முறை போடும் அளவு; சண்டைகளுக்கு நடுவே எடுக்கும் சிறு ஓய்வில் மீட்கும் உரிமையைச் சேர்த்தால் மூன்று.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு சண்டை, அது நான்கு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வீரன், ஓய்வுக்கு ஒருமுறை ஒரு சுற்றில் இரட்டிப்பாக வீச விடும் கூடுதல் செயல் உரிமையையும் சேர்த்து, ஏறத்தாழ 72 கொடுப்பான். மந்திரவாதி இரண்டு தீக்கோளத்திலேயே 126 கொடுத்துவிடுவான். அதே நாளில் ஐந்து சண்டை, நடுவில் இரண்டு சிறு ஓய்வு என்றால் என்ன ஆகிறது? வீரனுக்கு ஏறத்தாழ 329. மந்திரவாதிக்கு மூன்று தீக்கோளம் 189, மீதிப் பதினேழு சுற்றும் செலவில்லாத தீயம்பு எய்தால் ஏறத்தாழ 122, கூட்டினால் 311. சிறிய மந்திரங்களைச் சேர்த்தாலும் இருவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

அதாவது விதிகளை எழுதியவர்கள் சமன் செய்தது உண்மைதான். ஆனால் அந்தச் சமன் ஒரு முழு நாளுக்கு உரியது. நடத்துபவர்களுக்கான 2014ஆம் ஆண்டு நூல், ஒரு சாகச நாளில் நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள் ஆறு முதல் எட்டு வரை தாங்கும் என்று சொல்கிறது. எங்கள் மேசையில் நாள் என்பது ஞாயிறு இரவு. மூன்று மணி நேரத்தில் ஒரு மோதல் முடியும், எல்லோரும் தூங்கி எழுவார்கள், மந்திரவாதியின் இருப்பு மறுபடி நிரம்பும். நாள்தோறும் கஞ்சி குடிப்பவனையும் வாரம் ஒருமுறை விருந்து சாப்பிடுபவனையும் விருந்து நாளில் மட்டும் அளந்து பார்த்தால் எது தெரியுமோ அதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு தவறான மருந்துகள்

மச்சான் வராத ஞாயிறு, கிடங்கின் அடித்தளத்தில் மந்திரம் செல்லுபடியாகாத கற்களைப் பதித்தேன். தம்பி இரண்டு மந்திரம் போட்டான், இரண்டும் வீண். மூன்றாவது முறை அவன் பகடையைத் தொடவில்லை. "அண்ணே, நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்த மந்திரங்கள் இவை" என்றான். ஒருவர் வருத்தத்தோடு எழுந்து போனார் என்பதற்காக இன்னொருவரை வருத்தத்தோடு உட்கார வைத்தேன். அந்தக் கற்களை அன்றே எடுத்துவிட்டேன்.

அந்த வாரத்தின் நடுவில் கடற்கரையில் மச்சானைப் பார்த்தேன். கரையேற்றிய படகுகளின் நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வீரனுக்காக நான் எழுதிய மந்திர வாளின் அட்டையைக் கொடுத்தேன்: ஒவ்வொரு அடிக்கும் தீ, கூடுதலாக ஓர் ஆறுமுகப் பகடை. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல வாள்தான். இதைக் கழற்றி வைத்தால் அவன் யார்?" என்று கேட்டார். வீரனை எண்களால் வளர்த்தால் தீரும் என்று நினைப்பவர்கள் எல்லோரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் இழந்தது அடியின் அளவை அல்ல. கிடங்கை எப்படித் திறப்பது என்று யோசிப்பதை இழந்தார்.

பிறகு அவரே சங்கு குளித்த தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். பேச்சோடு பேச்சாகக் கடல்கட்டியைப் பற்றியும்.

கடல்கட்டி

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடந்த காலங்களில், சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் தெரிந்த ஒருவரை அமர்த்துவார்கள். அவருக்குத்தான் கடல்கட்டி என்று பெயர். அவர் இல்லாமல் நீரில் இறங்கக் குளிப்பவர்கள் தயங்கினார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அரசே அவருக்கு ஊதியம் கொடுத்தது. இந்த வழக்கம் மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இதை எழுதிவைத்திருக்கிறார்: எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு மீனைக் கட்டுபவருக்கு. மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டுமே செல்லும். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார், யாரும் திருட்டுத்தனமாக இறங்கக்கூடாது என்பதற்காக.

வலை ஊசியைக் கையில் பிடித்தபடி மச்சான் சொன்னார்: "கடல்கட்டி கட்டினார். ஆனால் சங்கை எடுத்துவந்தது குளித்தவர்தானே."

எனக்கு அந்த இடத்திலேயே பிடிபட்டது. ஒரு நாளைக்கு மட்டும் செல்லுபடியாகும் மந்திரம், இரவில் அவிழ்ந்து மறுநாள் புதிதாகக் கட்டப்படும் மந்திரம், இந்த ஆட்டத்தின் மந்திரவாதிக்கும் அதுதான் அடிப்படை. ஆனால் எங்கள் கடலில் மந்திரம் ஆபத்தைக் கட்டியதே தவிர வேலையைச் செய்யவில்லை. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கி, மூச்சைப் பிடித்து, இருட்டில் கையால் தடவி எடுத்தது ஓர் உடம்பு. மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் இன்னோர் ஆள். மூவரில் ஒருவர் குறைந்தாலும் அன்றைக்கு முத்து இல்லை. என் மேசையில் தம்பி கடல்கட்டியாகவும் குளிப்பவனாகவும் கயிறு பிடிப்பவனாகவும் இருந்தான். மச்சான் கரையில் நின்றார்.

பழைய கடிவாளங்கள்

இது எங்கள் மேசையின் நோய் மட்டும் அல்ல. இந்த ஆட்டத்தின் வேரிலேயே இருக்கிறது. 1971இல் வெளிவந்த அதன் முன்னோடியான பொம்மைப் படைப் போர் விதிகளில், மந்திரவாதியின் தீக்கோளம் பெரிய கவண்பொறியின் அடியோடு ஒப்பிடப்பட்டது. அங்கே அவர் ஒரு படைக்குப் பின்னால் நிற்கும் பீரங்கி. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, அந்தப் பீரங்கி நான்கைந்து பேர் கொண்ட ஒரு சிறு குழுவுக்குள் வந்து உட்கார்ந்தது.

முதல் பதிப்புகளில் அதற்குக் கனமான கடிவாளங்கள் இருந்தன. முதல் நிலை மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். இரண்டாம் நிலைக்குப் போக வீரனுக்கு 2000 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2500 வேண்டும். 1978இல் வந்த மேம்பட்ட பதிப்பில் வீரன் உயிர்ப்புள்ளிக்குப் பத்துமுகப் பகடை உருட்டினான், மந்திரவாதி நான்குமுகப் பகடை. மந்திரத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் ஓர் அடி விழுந்தால் அந்த மந்திரம் வீண். வீரன் 9ஆம் நிலையை எட்டினால் கோட்டை கட்டிக்கொள்ளலாம், ஆட்கள் வந்து சேர்வார்கள். சமன் என்பது ஓர் ஆயுள் முழுக்க நீட்டிப் போடப்பட்டிருந்தது: இளமையில் மந்திரவாதி வீரனின் முதுகுக்குப் பின்னால் உயிர்பிழைப்பான், முதுமையில் வீரனுக்கு நாடு இருக்கும்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லோருக்கும் ஒரே அனுபவப் பட்டியலைக் கொடுத்தது. அடி விழுந்தாலும் பகடை உருட்டி மந்திரத்தைக் காப்பாற்றலாம் என்றது. மந்திரச் சுருள்களும் கோல்களும் தயாரிப்பதை எளிதாக்கியது. ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. சேர்ந்து பார்த்தால் கடிவாளங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வீரன் நேர்கோட்டில் வளர்கிறான், மந்திரவாதி 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களைப் போல வளர்கிறான் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். 2008இல் நான்காம் பதிப்பு எதிர்ப்பக்கம் போனது. வீரன் உட்பட எல்லோருக்கும் எப்போதும் செய்யக்கூடியவை, மோதலுக்கு ஒருமுறை செய்பவை, நாளுக்கு ஒருமுறை செய்பவை என்று ஒரே அச்சில் திறன்கள். சமன் கிடைத்தது. ஆனால் வீரனும் மந்திரவாதியும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள் என்று பலர் குறைப்பட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா; ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். தென்மேற்குக் காற்றில் தெற்கு கொந்தளிக்கும்போது வடக்கு அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் மாறிவிடும். இரண்டுமே வயிற்றுக்குச் சோறு போடுகின்றன, இரண்டும் ஒன்றல்ல.

1987இல் வந்த ஆர்ஸ் மேஜிக்கா என்னும் ஆட்டம் வேறொரு துணிச்சலான வழியில் போனது. மந்திரவாதிதான் வலிமையானவன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதியையும் ஒரு துணைவனையும் வைத்துக்கொண்டு முறை மாற்றி ஆடச் சொன்னது. காவலாட்கள் எல்லோருக்கும் பொது. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலைப் பங்கு வைத்த ஏற்பாடு போல. நான் அந்த வழியை விரும்பினேன். மச்சான் தன் வீரனை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்றதால் விட்டுவிட்டோம்.

என்ன மாற்றினோம்

மே 18 அன்று மச்சான் வந்தார். அன்று ஆடவில்லை. ஐந்து பேரும் விதிகளைப் பற்றி மட்டும் பேசினோம். அந்த ஒரு இரவு, அதற்கு முந்தைய பல மாத ஆட்டத்தைவிட எனக்கு மதிப்பானது.

பேச்சில் வெளிவந்த மையமான உண்மை டீச்சர் சொன்னது. மந்திரவாதி கதவைத் திறக்கும் மந்திரம் போட்டால் பகடை இல்லை, கதவு திறக்கும். வீரன் தோளால் மோதினால் பகடை உண்டு. இலக்கு 20, அவனுடைய வலு 4. பதினாறோ அதற்கு மேலோ விழ வேண்டும். நான்கில் ஒரு வாய்ப்பு. "ஒருவருக்கு உறுதி, இன்னொருவருக்கு வேண்டுதல்" என்றார் டீச்சர். அடிக் கணக்கில் நான் தேடியது கிடைக்காததன் காரணம் அதுவே. வேறுபாடு வலிமையில் இல்லை, உறுதியில் இருந்தது.

ஆகவே வீரனுக்கு மூச்சு கொடுத்தோம். இப்போதைய கணக்கு நாளைக்கு மூன்று மூச்சு. ஒன்றைச் செலவழித்தால், பயிற்சி பெற்ற உடம்பால் செய்யக்கூடிய ஒரு காரியத்தை அவர் சொன்னபடியே செய்து முடிப்பார், பகடை இல்லை: தாழ்ப்பாளை நெம்புவது, காயம்பட்டவரை முதுகில் சுமந்து நீந்துவது, இடிந்து விழும் உத்தரத்தை மற்றவர்கள் வெளியேறும்வரை தாங்குவது. மந்திர இருப்பைப் போலவே நெடு ஓய்வில், அதாவது நாள் முடிந்து தூங்கி எழும்போது, மட்டும் திரும்பும். சண்டையில் எதிரியின் மேல் அடிக்க மூச்சைப் பயன்படுத்த முடியாது. அங்கே அவருக்கு ஏற்கெனவே போதும் என்று கணக்கு காட்டியது. விதிநூலில் சண்டை வித்தைகளுக்கென்று தனிப் பகடைகள் உள்ள வீரர் வகை ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டின் திருத்திய விதிகள் ஆயுதங்களுக்கும் தனித் தேர்ச்சிகளைக் கொடுத்திருக்கின்றன. இரண்டும் நல்லவை. ஆனால் இரண்டும் சண்டைக்குள் நிற்பவை. எங்கள் காயம் சண்டைக்கு வெளியே பட்டது.

மந்திரவாதிக்கு எதையும் பறிக்கவில்லை. இந்த முறை அதில் கவனமாக இருந்தேன். விதிநூலின் கட்டுகளை இனி முழுமையாகப் பின்பற்றுவது என்று முடிவு செய்தோம், தம்பியே அவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். கூடவே ஒரு சலுகை: பறக்கும் மந்திரத்தையோ மறைமந்திரத்தையோ தனக்குப் போட்டுக்கொள்ளாமல் இன்னொருவருக்குப் போட்டு, அவர் அதைக்கொண்டு காரியத்தை முடித்தால், மந்திரவாதிக்கு முதல் படி மந்திர இருப்பு ஒன்று திரும்பக் கிடைக்கும். தம்பி அதற்கு "இருபதில் ஒன்று" என்று பெயர் வைத்தான், கடல்கட்டியின் பங்கை நினைத்து.

மூன்றாவது, ஓய்வு. ஞாயிறு முடிந்தால் நாள் முடிந்தது என்ற கணக்கை ஒழித்தோம். நெடு ஓய்வுக்குக் கரை வேண்டும், பக்கத்தில் நன்னீர்க் கிணறு வேண்டும், யாரும் துரத்தக்கூடாது. விதிநூலிலேயே சிறு ஓய்வை எட்டு மணி நேரமாகவும் நெடு ஓய்வை ஏழு நாளாகவும் நீட்டும் ஒரு மாற்று வழி இருக்கிறது; அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. ஆட்டத்தின் ஒரு நாள் எங்கள் இரண்டு மூன்று ஞாயிறுகளுக்கு நீண்டால் போதும் என்று முடிவானது.

மூன்று ஞாயிறுகள்

மே 25இல் மூச்சு ஐந்தாக இருந்தது, அது அதிகம். மச்சான் ஒரு மாலைப் பொழுதுக்குள் ஐந்தையும் செலவழித்து, திருடனின் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டார். மருந்துக் கடைத் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு மே மாத முதல் ஞாயிறு நினைவுக்கு வந்தது. அன்றே மூன்றாகக் குறைத்தோம். நான் கேட்பதற்கு முன் மச்சானே சொன்னார். திருடனுக்கு இப்படி ஏதாவது வேண்டுமா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

ஜூன் 1இல் மூன்று சிறு மோதல்கள் நடந்தன, நாள் முடியவில்லை. தாளில் மந்திர இருப்பைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்த தம்பி, முதல்முறையாகத் தீக்கோளத்தைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு வெளியேறினான். வீட்டுக்குப் போகும் வழியில், அடுத்த வாரம் எதற்குச் செலவழிப்பது என்று மச்சானிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டே நடந்தான்.

ஜூன் 8. மணி இப்போது கிடங்குக்குக் கீழே, வெள்ளம் புகுந்த சுரங்கத்தில் கிடந்தது. மச்சான் அந்த ஐஸ் ரசீதை மறுபடி எடுத்தார். நீர் வற்றும் நேரம், கயிறு கட்டும் தூண், எல்லாம் அதில் இருந்தன. தம்பி இரண்டாம் படி மறைமந்திரத்தைத் தனக்கு அல்ல, வீரனுக்குப் போட்டான், நீருக்குள் சுற்றும் காவல் உயிர்களின் கண்ணுக்குப் படாமலிருக்க. டீச்சர் விளக்கைப் பிடித்தார், திருடன் கயிற்றைப் பிடித்தார். வீரன் இறங்கினான். மேலே தம்பியின்மேல் அம்பு பாய்ந்தது. மனக்குவிப்பு கலையாமலிருக்கப் பத்தோ அதற்கு மேலோ வேண்டும் என்று எல்லோரும் எழுந்து நின்றோம். பகடை 7 காட்டியது, உடல்நலக் கூட்டு 2, ஆக 9. மந்திரம் கலைந்தது.

மச்சான் பகடையைத் தேடவில்லை. "ஒரு மூச்சு" என்றார். "மணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடியிலேயே அசையாமல் கிடக்கிறேன். கயிறு இரண்டு முறை அசைந்தால் இழுங்கள்." மருந்துக் கடைத் தம்பி நிஜமாகவே கையை நீட்டி இல்லாத கயிற்றைப் பிடித்தார். காவல் உயிர்கள் கடந்து போகும்வரை நான் விவரித்துக்கொண்டிருந்தேன். மேசையில் ஒருவரும் பேசவில்லை. கடைக்கு வெளியே ராமேஸ்வரம் ரயில் போகும் ஓசை கேட்டது. பிறகு மச்சான் தன் சுட்டுவிரலால் மேசையில் இரண்டு முறை தட்டினார்.

மணி மேலே வந்தது. ஆனால் மறைவு கலைந்த பிறகு நடந்தது மந்திரத்தால் முடிந்த காரியம் ஆகாது என்று தம்பியே சொல்லி, இருபதில் ஒன்றைக் கேட்கவில்லை. அது சரியா என்று அரை மணி நேரம் விவாதித்தோம். இறங்கும்வரை அந்தக் கட்டு காத்தது, அவனுக்குப் பங்கு உண்டு என்று மச்சான் விடாமல் வாதாடினார். கடைசியில் கொடுத்தோம்.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் எனக்குக் கவலை உண்டு. 9ஆம் நிலையில் மந்திரவாதிக்கு ஐந்தாம் படி மந்திரங்கள் வரும். தொலைவில் இருப்பவரை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், எந்த அடியாலும் உடைக்க முடியாத சுவரை எழுப்பலாம். 13ஆம் நிலையில் ஏழாம் படி வந்தால் ஊர்விட்டு ஊர் நொடியில் போகலாம், கரையும் கிணறும் தேடும் எங்கள் ஓய்வு விதி அங்கே அடிபட்டுப் போகும். மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டுவது தீர்வாகாது என்று மே 25 காட்டிவிட்டது. பழைய பதிப்பில் வீரனுக்குக் கிடைத்த கோட்டையையும் ஆட்களையும் மீண்டும் கொண்டுவரலாமா என்று யோசிக்கிறேன். கோட்டைக்குப் பதில் ஒரு துறை, பத்துப் படகு, அவற்றில் அவர் சொல் கேட்டு இறங்கும் ஆட்கள். மச்சானிடம் சொன்னேன். படகின் பெயரை அவர்தான் வைப்பாராம்.

ஜூன் 15 விடியும் முன்னே விசைப்படகுகள் கிளம்பிவிட்டன. அவருடைய பாத்திரத் தாள் என் கடையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதில் இரண்டு மூச்சு மீதம். நாள் இன்னும் முடியவில்லை.